பெட்டி எண் 214-இல் ஒரு முடி

யொக்கோஹாமாவிலிருந்து கடிதம்
காலை ஆறு இருபதுக்கு வந்தது.
மண்டபத்தில் அப்போது கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் வாசித்தேன்.
உறையவைத்த கணவாய், பத்துக் கிலோப் பெட்டி, எண் 214,
உள்ளே ஒரு முடி.
நீளம் முப்பத்தொரு சென்டிமீட்டர்.
அளந்திருக்கிறார்கள்.

அந்த ஒரு முடிக்கு
'ஹனஹதஷீ' என்று எழுதியிருக்கிறார் திரு. குரோசே.
வாய்ப்பேச்சில் அதிகம் புழங்காத சொல்,
மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுதுவது.
அளவு மிஞ்சியது என்கிறது அகராதி,
பெரும்பாலும் கெட்டவற்றுக்கு:
சேதம், அறியாமை, தொந்தரவு.
நாங்கள் அவருக்குக் கொடுத்தது
ஹனஹதஷீ தொந்தரவு.
அடுத்த வரியில் 'இச்சிஜிருஷீ'.
கண்ணில் அறைகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.
தரத்தில் இச்சிஜிருஷீ வீழ்ச்சி.

செய்யது காக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"என்னம்மா சொல்றான்?"
"ரொம்பக் கோவமா இருக்காங்க, காக்கா."
"எவ்வளவு ரொம்ப?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம்.
ரொம்ப என்பது இங்கே நைந்துபோன பத்து ரூபாய்த் தாள்:
டீயில் சீனி ரொம்ப, வட்டி ரொம்ப, வெயில் ரொம்ப.
அதீதம் என்றால்
செய்தி வாசிக்கிறியா என்பார்.
பள்ளியில் ஒப்பித்த பழஞ்சொற்கள்
நனி, தவ, கூர், கழி
பிரேயர் வரிசையில் போல வந்து நின்றன.
கழிபெரும் வருத்தம் என்று சொல்லிவிடலாம்தான்.
ஆனால் கழி என்றால் எங்களுக்கு
ஆலைக்குப் பின்னால்
மை கலந்து தேங்கிக் கிடக்கிற உப்புத்தண்ணீர்.
ஜப்பானியத்திலும் அப்படி ஒன்று உண்டு,
கடந்துபோவதற்கும் மிஞ்சிப்போவதற்கும் ஒரே வினை.
காக்காவிடம் அதையெல்லாம் சொல்லவில்லை.

"வெட்டு மேசை எது?"
"மூணு."
பதிவேட்டைப் புரட்டினார்.
"ஆளுக்கு ரெண்டு நாள் கூலி கழி."

மூன்றாம் மேசையில்
லூர்துக்கனி, ஜெய்னம்பு, ஞானப்பூ.
ஞானப்பூவின் வீட்டுக்காரர் போன படகு
ஒன்பது நாளாய்க் கரை திரும்பவில்லை.
பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு,
எஞ்சின் நின்றுவிட்டது என்று ஒரு பேச்சு.
ஒன்பது நாளும் வேலைக்கு வந்தாள்.
எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு
கையிலிருந்த கணவாயின் ஓட்டை உருவிக்கொண்டே
"கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு" என்றாள்.

பெட்டியின் தேதியைப் பார்த்தேன்.
ஏழு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை.
எனக்கு ஞாபகம் இருக்கிறது.
அன்றைக்குக் கணவாய் கொள்ளையாய்ப் பட்டிருந்தது,
பாதி அவர் படகுச் சரக்கு.
மகளுக்குப் பரிசம் போட்ட கையோடு
தலை நிறைய எண்ணெயும் பூவுமாய் வந்தாள்.
தொப்பிக்குள் அடங்கவில்லை.
மேஸ்திரி ரெண்டு தடவை அதட்டினான்,
அவள் சிரிப்பு நிற்கவில்லை.
அந்தத் தலையிலிருந்துதான் விழுந்திருக்கும்.
காக்காவிடம் இதையும் சொல்லவில்லை.

மதியம் பதில் எழுதினேன்.
மோஷிவகே அரிமஸென்.
மன்னிப்புக் கேட்பதற்கான வாசகம்தான்,
பிரித்துப் பார்த்தால்
சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று வரும்.
அதற்கு முன்னால் ஒரு ஹனஹத வைத்தேன்.
அவர் சொல்லை அவருக்கே திருப்பினால்
மரியாதை என்று நினைக்கிறார்கள்.

சாயங்காலம் கரையெல்லாம் சொறி ஒதுங்கியிருந்தது,
கால் வைக்க இடமில்லாமல்.
ஒபிததஷீ.
எறும்புக்கும் ரத்தத்துக்கும் ஜனத்துக்கும் போடுகிற சொல்,
எண்ணப் புகுந்தவன் விட்டுவிடுகிற இடம்.
ஞானப்பூ அவற்றுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"கடுதாசியில என்ன போட்ட?"
"மன்னிப்புதான்க்கா."
"ரெண்டு நாளா?"
"ரெண்டு நாள்."
"சரி."

வேலை முடிந்து ஒரு மணி நேரமாகியும்
நீலத் தொப்பியைக் கழற்றவில்லை.
காதோரம் ஒரு முடி வெளியே வந்தது.
கடலைப் பார்த்தபடியே
விரலால் அதை உள்ளே தள்ளினாள்.